சப்பாத்துப் பெட்டிக்குள் அப்பா

1996ஆம் ஆண்டு பெப்ரவரி 16, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகைக் குளிர். காற்றோடு சேர்த்தால் இருபத்தேழு என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். கதவைத் தட்டியவர் எங்கள் சந்திக் கடைக்காரர், கொரியாக்காரர். அவரைச் சாயம்போன நீலக் கம்பளிச் சட்டையில் அல்லாமல் நான் கண்டதேயில்லை. அன்று கறுப்புக் கோட்டும் கறுப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். கிறிஸ்து பிறந்த நத்தார் தினத்திலும் திறந்திருக்கும் கடையை இந்த மனிதர் பூட்டிவிட்டு வந்திருக்கிறாரே என்பதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இன்றைக்கும் நாற்பதைத்தான் தாண்டியிருக்கிறேன், ஆனால் எதையும் எண்ணிப் பார்த்துக் கவலைப்படுவதால் பிள்ளைகள் என்னைக் கிழவன் என்கிறார்கள். கனடாவில், மல்வேர்ன் என்ற இடத்தில், இரண்டு அறை வீட்டில் அம்மாவும், அம்மாவின் தம்பியான மாமாவும், நானும் இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்தில். முந்திய ஐப்பசியில் ஊரே இரவோடிரவாக இடம்பெயர்ந்த பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. அம்மா வேலையால் வந்ததும், கையுறையைக் கூடக் கழற்றாமல் கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். பிறகு மேலே வந்து சோற்றுக்கு அரிசி போடுவார்.

கடைக்காரர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு வெள்ளை உறையை இரண்டு கைகளாலும் மாமாவிடம் நீட்டினார். பிறகு நேரே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, முழங்காலிட்டு, நெற்றி கம்பளத்தில் முட்டும்படி விழுந்து கும்பிட்டார். எழுந்து இன்னொரு தரம் விழுந்தார். தொலைக்காட்சிக்கு மேலே, நான் பாடசாலையிலிருந்து அன்றுதான் கொண்டுவந்து வைத்த சப்பாத்துப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அப்பாவின் படம்.

அந்தப் பெட்டியின் கதை இது. வீட்டில் உள்ள பழையதையும் தொலைக்காட்சியில் பார்க்கும் புதியதையும் சேர்த்து ஒரு கலைப்பொருள் செய்து வரும்படி சித்திர ஆசிரியை சொல்லியிருந்தார். கடைக்காரரின் மகள் என் வகுப்பு. வீதியோரம் யாரோ எறிந்த பழைய தொலைக்காட்சியின் வெறும் கூட்டைத் தூக்கிவந்து அவள் செய்தது ஒரு அதிசயம். தன் முதலாம் பிறந்தநாள் பட்டுச்சட்டையின் பலவர்ணக் கையை வெட்டித் திரைச்சீலை ஆக்கியிருந்தாள். நிலத்துக்கு நூடில்ஸ் பைக்கற்றின் சிவப்புத் தாள். சுவரெல்லாம் பேஸ்போல் அட்டைகள், கார்ட்டூன் ஒட்டிகள். நடுவில் கொரியாவிலிருந்த அவளுடைய தாத்தாவின் படம். படத்தின் மேல் மூலைகள் இரண்டிலும், கூரை போலச் சரிவாக, இரண்டு கறுப்புப் பட்டிகள். கிழிந்துபோன பாட்டுக் கசற்றின் நாடாவை வெட்டி ஒட்டியிருந்தாள். அது எதற்கு என்று கேட்டேன். வீட்டிலுள்ள படத்தில் கறுப்புத் துணியில் அப்படித்தான் இருக்கிறது, பார்க்க நன்றாக இருக்கிறதல்லவா என்றாள். கனடாவில் பிறந்தவள், அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. என் பெட்டியில் மல்யுத்தக்காரர் படங்கள் பன்னிரண்டு, அம்மாவின் சேலைக்கரை ஒரு முழம், நடுவில் அப்பா. மாமாவின் பழுதான கசற் ஒன்றைப் பிரித்து, அப்பாவுக்கும் இரண்டு பட்டிகள் ஒட்டினேன். வியாழன் மாலை பாடசாலை மண்டபத்தில் எல்லாப் பெட்டிகளையும் அடுக்கியிருந்தார்கள். அம்மாவுக்கு வேலை, வரவில்லை. மகளுடைய பெட்டியைப் பார்க்க வந்த கடைக்காரர் என்னுடைய பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு என் தலையைத் தடவினார். என் கைத்திறனைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இரண்டாம் தரம் எழும்பியபோது, குசினியிலிருந்து அம்மா மாக்கையோடு வந்து நின்றார். கறுப்புக் கோட்டைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

“வெரி சொறி,” என்றார் கடைக்காரர். “யுவர் ஹஸ்பன்ட்.”

“எப்ப அண்ணை?” என்று அம்மா கேட்டார், தமிழிலேயே.

அவருக்கு விளங்கவில்லை. அம்மா சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மாமாதான் பாய்ந்து கடைக்காரரின் கையைப் பிடித்தார்.

“ஆர் சொன்னது? ஹூ டோல்ட் யூ?”

கடைக்காரர் பெட்டியைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். “யுவர் போய்.” இரண்டு விரல்களால் தன் நெற்றிக்கு மேலே கூரை போலக் கீறி, கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். அந்தப் பட்டி இறந்தவர்களுக்கு மட்டும் கட்டுவது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

“டேய், என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?”

“கசற் நாடா மாமா. வடிவுக்கு ஒட்டினனான்.”

“வடிவோ? உன்னைப் பெத்த கொப்பரை உயிரோட பாடையில ஏத்தின வடிவு! அக்கா, எழும்புங்கோ. அத்தான் சாகேல்லை. உவன் பள்ளிக்கூடத்துக்குச் சோடிச்சவனாம்.”

கடைக்காரரின் முகம் காதுவரை சிவந்தது. அவர் எங்கள் எல்லாரிடமும், என்னிடமும்கூட, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அம்மா எழுந்துவந்து என் முதுகில் இரண்டு அடி போட்டார். பிறகு நாடாவை நகத்தால் சுரண்டி எடுத்தார். உறையில் ஐம்பது டொலர் இருந்தது. அம்மா திருப்பிக் கொடுக்க, கொடுத்ததைத் திரும்ப வாங்கக்கூடாது என்று அவர் பின்வாங்க, வாசலில் பெரிய இழுபறி.

“செத்தவீட்டுக் காசு இந்த வீட்டுக்குள்ள ஒரு ராத்திரியும் கிடக்கக்கூடாது,” என்றார் அம்மா.

கடைசியில் அம்மா அவர் பின்னாலேயே போய், கடையைத் திறக்கச்செய்து, அந்த ஐம்பதுக்கும் தொலைபேசி அட்டைகள் வாங்கிவந்தார். கொழும்பில் இருந்த பெரியம்மாவை அழைத்துப் பேசியே நான்கு அட்டைகள் முடிந்தன. ஐந்தாவதில் செய்தி வந்தது. அப்பா கிளிநொச்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில், மலேரியாக் காய்ச்சலோடு, உயிரோடு இருந்தார். இரண்டு வருடம் கழித்து இங்கே வந்தும் சேர்ந்தார். இன்றைக்கும் வீட்டின் வெப்பம் போதாது என்று என்னோடு சண்டை பிடிக்கிறார்.

கடைக்காரர் போன மாசியில் இறந்தார். அவருடைய மகள் இப்போது இப்படியான பெட்டிகளைச் செய்து கலைக்கூடங்களில் வைக்கிறாள். தகப்பனின் படத்துக்கு அவள் கட்டியிருந்ததும் கசற் நாடாவேதான், இம்முறை பொருள் தெரிந்து. செத்தவீட்டுக்கு நானும் வருவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார்.

“எனக்கு ரெண்டு தரம் விழுந்து கும்பிட்ட மனுசன். நானும் ரெண்டு தரம் விழவேணும்.”

“முழங்கால் ஏலுமோ அப்பா?”

விழுந்தார். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஒரு மனிதர் வந்து உன் கணவர் இறந்துவிட்டார் என்றால், யார் சொன்னது என்றல்லவா கேட்கவேண்டும்? மாமா அதைத்தான் கேட்டார். அம்மா மட்டும் எப்ப என்று கேட்டார். அம்மாவுக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை என்று பதினொரு வயதில் நினைத்தேன். நான் நாடாவை ஒட்டுவதற்கு எவ்வளவோ நாள் முன்னதாகவே அவர் அந்தப் பட்டிகளை மனத்துக்குள் கட்டிவைத்துவிட்டு, தேதிக்காகத்தான் தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடைக்காரரின் செத்தவீட்டில் உறைக்குள் வைத்தது நூறு, கார் நிறுத்த எட்டு, அப்பாவின் முழங்காலுக்குக் களிம்பு பதினொன்றரை. ஆகமொத்தம் நூற்றுப் பத்தொன்பது டொலர் ஐம்பது சதம்.