பிலோத்தாவின் நிறை

பிலோத்தாவின் முதுகு ஒரு மழைநாளில் பொலித்தீனில் சுற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், கூரியர்க்காரன் ஒரு பெரிய பொதியை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போகிறான். பிரித்துப் பார்த்தோம். கல்லாக இறுகிய கறுத்த நுரை. அதில் ஒரு ஆளுடைய முதுகும் இடுப்பும் தொடைகளும் குழி குழியாகப் பதிந்திருந்தன. பந்தயக் காரின் இருக்கையைக் கடையில் வாங்குவதில்லையாம். ஓட்டுபவனைக் காருக்குள் இருத்தி, முதுகுக்குப் பின்னால் ஒரு பையை வைத்து, அதற்குள் இரண்டு மருந்தைக் கலந்து ஊற்றுவார்களாம். அது சுடச்சுடப் பொங்கி அவன் உடம்பைச் சுற்றி இறுகிவிடும். பிறகு வருஷம் முழுவதும் அந்தக் குழிதான் அவனுக்கு இடம், ஒரு விரல்கூட இடையில் நுழையாது. போன வருஷத்து இருக்கையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று அனுப்பியிருந்தார்கள். சிஞ்ஞோரா அதைக் குப்பை என்றார். பிலோத்தா அதை நடைவழியின் மூலையில் வைத்து, அதற்குள் புதைந்து கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். தூசி தட்டுகிற வேலை எனக்கு ஒன்று கூடியது, வேறென்ன.

சிஞ்ஞோரா என்று நான் கூப்பிட்ட அம்மா, பலெர்மோவில் லிபெர்த்தா தெருவில் மூன்றாம் மாடியில் குடியிருந்த விதவை. முழங்கால் வருத்தக்காரி. 2002இல் நான் அவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். சமையல், துப்புரவு, அவரை மாடிப்படி இறக்கி ஏற்றுவது எல்லாம் என் பொறுப்பு. அவருடைய தங்கை பிரேசிலில் ஒரு கடலோர ஊருக்குக் கலியாணம் செய்து போனவர். அந்தத் தங்கையின் மகன்தான் பிலோத்தா. பந்தய ஓட்டுநருக்கு இத்தாலியனில் அப்படித்தான் சொல்வார்கள். நாங்களும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான்கு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஒரே ஆள் இருக்கக்கூடிய கார் அவனுடையது. அவனுடைய பந்தயக் குழு நாட்டின் வடக்கே இருந்தது. வாடகை இல்லாமல் தங்க இடம் வேண்டும் என்று, பந்தயம் இல்லாத நாட்களிலும் குளிர்காலத்திலும் பலெர்மோவுக்கு வந்துவிடுவான். இருபது வயது. கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி ஒரு உடம்பு. என்னை அக்கா என்று கூப்பிடப் பழக்கியிருந்தேன்.

கெட்டிக்காரன், அதை நான் சொல்லத்தான் வேண்டும். வந்த அடுத்த வருஷமே சின்ன வகுப்புப் பந்தயங்களில் நாலைந்து வென்றான். ஒருமுறை, பலெர்மோ இருக்கிற தீவின் நடுவில், ஏரியைச் சுற்றி ஓடுகிற தடத்தில் அவனுக்குப் பந்தயம் வந்தது. சிஞ்ஞோராவோடு நானும் போனேன். கார்கள் கடந்துபோகையில் நெஞ்சாங்கூடு அதிர்ந்தது. காதைப் பொத்திக்கொண்டு அவனுடைய மஞ்சள் தலைக்கவசத்தை மட்டும் தேடினேன். அன்று இரண்டாவதாக வந்தான். திரும்பி வரும்போது காரில் குழந்தைப்பிள்ளை மாதிரி என் தோளில் சாய்ந்து தூங்கினான். அடுத்த வருஷம் ஒரு படி மேலே போனான். பத்திரிகையில் படம் வந்தது. சிஞ்ஞோரா அதை வெட்டி, இறந்துபோன கணவருடைய படத்துக்குப் பக்கத்தில் செருகினார்.

2005 கடைசியில் அந்த அழைப்பு வந்தது. பெரிய குழு ஒன்று. மாசியில் மூன்று நாள் காரைக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம். அந்த இடம் கிடைத்தால், உலகமே பார்க்கிற பந்தயத்துக்கு இன்னும் ஒரே ஒரு படிதான். கிடைக்காவிட்டால், இந்த விளையாட்டில் இரண்டாவது அழைப்பு லேசில் வராது என்று அவனே சொன்னான். மார்கழியில் கூப்பிட்டு இருக்கைக்கு அச்சு எடுத்தார்கள். அப்போது அறுபத்தெட்டுக் கிலோ இருந்தான். அறுபத்தாறாக இறங்கி வா என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தோலுரித்த கோழி, அவித்த சுக்கினிக்காய், எண்ணெய் இல்லை, சோறு கைப்பிடி அளவு. திங்கள்தோறும் குளியலறைத் தராசில் ஏறி, நிறையைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். சிஞ்ஞோரா அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, தாளில் உள்ளபடியே சமை என்று எனக்குக் கட்டளையும் போட்டார்.

எனக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியும். தாளில் இருந்தது விளங்காமல் இல்லை. நம்பவில்லை, அவ்வளவுதான். அவித்த மரக்கறியை எங்கள் ஊர்ப் பக்கத்தில் காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான் கொடுப்போம். நல்ல நாளிலேயே சிஞ்ஞோரா வெண்ணெயைக் கத்தி நுனியால் அளக்கிறவர். இது அவருடைய கஞ்சத்தனத்துக்குக் கிடைத்த சாட்டு என்று நினைத்தேன். மூன்று பேரும் ஒரு மூட்டை விறகும் ஒரே சைக்கிளில் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஓடுவது இயந்திரம்தானே, இவன் தோளில் வைத்துச் சுமக்கிறானா, இரண்டு கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது? கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மேசையில் அவன் அந்தப் பச்சைத் துண்டுகளை முள்ளுக்கரண்டியால் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்க்க என் வயிறு எரிந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தமிழாட்களின் கடையில் டின் தேங்காய்ப்பால் வாங்கி வந்தேன். சுக்கினியை அதில் வெள்ளைக்கறியாக வைத்தேன். பார்வைக்கு அவித்தது மாதிரியே இருக்கும். கோழியையும் அப்படியே. சோற்றுக்கு அடியில் ஒரு கரண்டி நெய்யை ஒளித்தேன். சிஞ்ஞோரா முன்னதாகவே தன் பாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார், அவருக்கு என்ன தெரியும். அவன் தட்டை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாசியில் போனான். நாலாம் நாள் தொலைபேசி வந்தது. சிஞ்ஞோரா நின்றபடியே கேட்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். பையன் எழுபது கிலோ இருந்தானாம். அச்சு எடுத்த இருக்கைக்குள் இடுப்பு இறங்கவில்லையாம். பட்டியை இறுக்கியதும் மூச்சு முட்டி, மூன்று நாளும் மற்றவனைவிடப் பின்னால்தான் ஓடினானாம். இடம் மற்றவனுக்குப் போய்விட்டது. வெறும் சுக்கினி தின்றவன் எப்படி எழுபதானான் என்று சிஞ்ஞோரா என்னிடமே கேட்டார். நான் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் என் கணவருக்குச் சொன்னேன். அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சத்தம் போடவில்லை. "வாயை மூடிக்கொண்டு இரும். இஞ்சை தங்கியிருக்கிற பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற வருஷம். அந்த மனுசி வேலைக் கடிதத்திலை கையெழுத்துப் போடாட்டி ரெண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்," என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. அவனுக்கு ஒரு பெரிய காரில் இடம் கிடைக்கும்வரை வெள்ளிக்கிழமைகளில் பகல் முழுவதும் பட்டினி கிடப்பதாக நேர்ந்துகொண்டேன். போதாததற்குச் செருப்பில்லாமல் மலையேறி, பலெர்மோவைக் காக்கிற சாந்தா ரொசாலியாவிடமும் முறையிட்டேன். ஊர்த் தெய்வத்துக்குத்தானே ஊர் விஷயம் தெரியும். வெள்ளியன்று சிஞ்ஞோரா தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். நான் அவனுக்கு மட்டும் சமைத்து வைத்துவிட்டு, வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஜன்னல் துடைப்பேன்.

இடம் கிடைக்கவே இல்லை. அமெரிக்காவுக்குப் போய் அரை வருஷம் வட்டத் தடங்களில் ஓட்டினான். சுவரில் மோதி மணிக்கட்டு முறிந்து திரும்பி வந்தான். பிறகு இரண்டு வருஷம், எங்கேயாவது ஒரு ஓட்டுநர் காயப்பட்டால் அந்தக் காரில் ஏற்றுவார்கள் என்று தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். ஒருவன் காயப்பட வேண்டும் என்று காத்திருப்பதும் ஒரு பிழைப்பா என்று ஒருநாள் அவனே கேட்டுச் சிரித்தான். கடைசியில் கூரை வைத்த கார்களில் பணக்காரர்களுக்கு ஓட்டப் பழக்கினான். 2009இல் போதும் என்றான். பிரேசிலில் என் கூடப்பிறந்த அக்காவின் கணவர் டயர்க் கடை வைத்திருக்கிறார், அங்கே போகிறேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசியாக அவனுக்கு மீன் வெள்ளைக்கறியும் சோறும் வைத்தேன். அதற்குள் எங்களுக்கு நிரந்தர பெர்மெஸ்ஸோ கிடைத்திருந்தது. அதனால்தான் எனக்கு வாய் திறந்தது. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய்ப்பால், நெய், எழுபது கிலோ. உன் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்று சொன்னபோது அழுகை வந்துவிட்டது. அவன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான். அவன் பேசியது இத்தாலியனில். என் மனதில் இருப்பது இப்படி.

"முதல் நாளே எனக்குத் தெரியும், அக்கா. எங்கடை ஊரிலையும் தேங்காய்ப்பாலிலைதான் சமைக்கிறது. தராசிலை ஏற ஏறக் கூடினதும் தெரியும். போனிலை குறைச்சுக் குறைச்சுச் சொன்னன். அங்கை என்னைத் தராசிலை ஏத்தினவுடனை பிடிபட்டுது. நிறையைக் குறைக்கலாம், பொய் சொல்லுற ஆளை வைச்சிருக்க ஏலாது எண்டுதான் அனுப்பினவங்கள்."

"பின்னை ஏன் சாப்பிட்டனீ?"

"எல்லாரும் என்னை நிறுத்துத்தான் பார்த்தாங்கள். மெலிஞ்சு போனன் எண்டு கவலைப்பட்டது நீங்கள் மட்டும்தான். வேண்டாம் எண்டால் அப்பிடிச் சமைச்சுத் தாறதை நிப்பாட்டிப் போடுவியள்."

எனக்கு வந்தது கோபம்தான். வேறு ஒன்றும் இல்லை, சுத்தமான கோபம். மூன்றரை வருஷம் இவனுக்காகப் பட்டினி கிடந்தேன், காலில் கல் குத்தக் குத்த மலையேறினேன், இரவில் படுத்தால் அந்தக் கறுத்த இருக்கைதான் நெஞ்சில் ஏறி உட்காரும். இவனோ எல்லாம் தெரிந்துகொண்டு தட்டை வழித்துக்கொண்டிருந்திருக்கிறான். தமிழிலேயே நன்றாகப் பேசித் தீர்த்தேன். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மூச்சு வாங்கிய பிறகு, வெள்ளிக்கிழமை விரதத்தை மட்டும் இத்தாலியனில் சொன்னேன். அவன் எழுந்துபோய் இன்னொரு தட்டை எடுத்துவந்தான். தன் சோற்றையும் கறியையும் பாதியாகப் பிரித்து வைத்தான். கதிரையை இழுத்துப்போட்டான். ஏழு வருஷத்தில் நான் அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன்.

ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே உப்பு. விரத நாளில் நான் ருசி பார்க்காமல்தான் சமைப்பேன். நாக்கில் ஒரு துளி பட்டாலும் விரதம் முறிந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் என் கறி எப்படி இருந்தது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அவனை நிமிர்ந்து பார்த்தேன். வழக்கம்போல, ஒன்றும் சொல்லாமல், தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.