கிராதியில் சக்கரம் பூட்டிய அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் மட்டாஞ்சேரித் தெருக்காரர்களும் அவரை நன்றாகவே அறிவீர்கள். உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். ஆகையால் "சாந்தமே உருவானவர்" என்று நான் எழுதினால் ஒருவரும் நம்பப் போவதில்லை. அக்காவே எழுந்து வந்து காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போடுவார். அவருக்கு அடுத்துப் பிறந்த தங்கை நான், உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மட்டாஞ்சேரியில், பஜார் சாலைக்குப் பின்னால் இருக்கும் சந்தில்தான். எங்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பாலக்காட்டுக்கும், அங்கிருந்து கொச்சிக்கும் வந்தவர்கள். அப்பா மிளகுப் பண்டகசாலையில் எடை பார்த்தார். தம்பி பிறந்த கொஞ்ச நாளில் அம்மா காலமாகிவிட, அப்போதுதான் தாவணி போட ஆரம்பித்திருந்த அக்கா அடுப்படியையும் எங்கள் இருவரையும் சேர்த்தே கையில் எடுத்துக்கொண்டார். கல்யாணப் பேச்சு வந்தபோது, "தங்கச்சியும் தம்பியும் என்கூடத்தான் இருப்பாங்க. அதுக்குச் சம்மதம்னா வந்து பார்க்கச் சொல்லுங்க" என்று அப்பாவிடமே சொல்லிவிட்டார். சம்மதித்து வந்தவர் எங்கள் அத்தான். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். அக்காவுக்கு அது வசதியாகப் போயிற்று. சில வருஷங்களில் அப்பாவும் காலமான பிறகு, அந்த வீட்டில் நாங்கள் நால்வர். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அப்படி ஒரு குறை இருந்ததாக நானும் தம்பியும் அவருக்கு நினைவூட்டியதில்லை, எங்களைச் சமாளிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை.

அத்தான் ஸ்டவ் பழுதுபார்ப்பவர். பம்ப் அடிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட காலம் அது. பஜார் சாலையில் ஒரு பழைய கட்டிடத்தின் முன்னறைதான் அவருடைய கடை. மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகும் அக்கா சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். பம்புக்கு வாஷர் மாற்றுவது, அடைத்துக்கொண்ட பர்னரை ஸ்டவ் பின் போட்டுக் குத்துவது, தொட்டியில் ஓட்டை விழுந்தால் ஈயம் பற்றவைப்பது எல்லாவற்றையும் அங்கேயே பழகிக்கொண்டார்.

கேரளம் தனி மாநிலமான சமயத்தில் அந்தக் கட்டிடத்தை இடித்துக் கட்ட உரிமையாளர் முடிவு செய்தார். வேறு அறை தேடி அத்தான் தோப்பும்படி வரை அலைந்து பார்த்தார், கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மில் பட்டறையில் வேலை இருப்பதாக அவருடைய உறவினர் சொல்லி அனுப்பினார். தங்குவதற்கு ஒற்றை அறைதான். பாலக்காட்டு மாமா வந்து, எல்லோருக்கும் நல்லதென்று நினைத்து ஒரு ஏற்பாடு சொன்னார். அக்காவும் அத்தானும் கோயம்புத்தூருக்கு, தம்பி மாமாவோடு பாலக்காட்டுக்கு, நான் திருநெல்வேலியில் சித்தப்பா வீட்டுக்கு. பள்ளி அடைத்ததும் வந்து தம்பியை அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு மாமா கிளம்பினார். எனக்குச் சித்தப்பாவின் முகம்கூடச் சரியாக நினைவில்லை.

கட்டிடத்தை இடித்தபோது ஜன்னல்களில் இருந்த இரும்புக் கிராதிகளைப் பெயர்த்துத் தெருவோரம் போட்டிருந்தார்கள். கடை ஜன்னலின் கிராதியும் அதில் கிடந்தது. இரண்டு பாகமாக, இடுப்பளவு உயரத்தில், துருவேறினாலும் நெளியாத நல்ல பழைய இரும்பு. அக்கா உரிமையாளரிடம் நேரே போய்க் கேட்டார். அவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதைக் கைவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அத்தான், "இதை வச்சு என்ன செய்யப் போறே?" என்றார்.

"கடை. ஒருத்தனாலயும் இடிக்க முடியாத கடை."

கல்வத்தியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த சேட்டன் உதவிக்கு வந்தார். இரண்டு கிராதிகளையும் பக்கச் சுவர்கள் மாதிரி நிறுத்தி, குறுக்கே பட்டை இரும்பு கொடுத்து இணைத்தார்கள். மேலே பழைய வள்ளத்தின் பலகை. அதன் ஓரத்தில் சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸ். கிராதிக் கம்பிகளில் கொக்கி மாட்டிக் குறடு, சுத்தியல், அரம் எல்லாம் தொங்கவிட இடம். கீழே நான்கு மூலையிலும் சக்கரம். முதல் நாள் அத்தான் ஒரு பர்னரை வைஸில் வைத்து அரம் போட்டார். ஒரு இழுப்புக்கு மேடை ஒரு சாண் முன்னே போயிற்று. அத்தானும் கூடவே போய் அரம் போட்டார். அப்படியே போனால் படகுத் துறையில் போய் விழுவார் என்று நான் சிரித்துத் தலையில் குட்டு வாங்கினேன். பின்பக்கச் சக்கரங்கள் இரண்டை மட்டும் கழற்றிக் கால்கள் வைத்து, தூக்கித் தள்ளக் கைப்பிடியும் போட்ட பிறகுதான் அது ஒரு இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டது.

சந்தின் முனையில் மேடையை நிறுத்தினோம். வந்த ஸ்டவ்களைப் பளபளவென்று துலக்கிக் கிராதியின் வெளிப்பக்கம் வரிசையாகத் தொங்கவிட்டது அக்காவின் யோசனை. பித்தளைக் கடை மாதிரி ஜொலித்தது. அங்கேதான் வினை வந்தது. குஜராத்தித் தெருவிலிருந்து வந்த, அசைவம் தொடாத ஒரு அம்மாள் தன் ஸ்டவ்வைத் தேடினார். கொச்சங்காடியில் ஒரு வீட்டில் அன்றாடம் மீன் வறுக்கிற ஸ்டவ்வோடு உரசிக்கொண்டு அது தொங்கியது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "என்றெ ஸ்டவ் தா. மதி", இத்தோடு போதும் என்று, அவருக்குத் தெரிந்த மலையாளத்தில் சொல்லி, கழற்றிய பர்னரை ஒரு கையிலும் தொட்டியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். செய்தி தெருவெல்லாம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் நம் தமிழ்த் தெரு அத்தைமார்களே ஒவ்வொருவராக வந்து அவரவர் ஸ்டவ்வை வாங்கிக்கொண்டு போனார்கள். கொச்சங்காடிக்காரர்களுக்கும் அது எட்டி, தங்கள் அடுப்பை இளப்பமாகப் பேசிய இடத்துக்கு இனி எதற்கு என்று அவர்களும் எடுத்துப் போனார்கள். கிராதியில் வெறும் கொக்கிகள் மிஞ்சின. மாமா வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தம்பி தன் சட்டைகளை மடித்து வைக்கத் தொடங்கியிருந்தான்.

அத்தான்தான் மெல்லச் சொன்னார். "கடையிலயும் எல்லா ஸ்டவ்வும் ஒண்ணாத்தானே கிடந்தது. அங்க சுவர் இருந்தது, யாரும் பார்க்கல."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுவர் இல்லாட்டா போகட்டும். சக்கரம் இருக்கே! இத்தனை நாள் அதைக் கடை மாதிரி ஒரே இடத்துல நட்டு வச்சிருந்தோமே, நம்மளைப் போல மண்டூகம் உண்டா?"

மறுநாள் காலை குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, மேடையைத் தானே தள்ளிக்கொண்டு குஜராத்தித் தெருவுக்குப் போனார். அத்தான் பின்னால் ஓடினார். அந்த அம்மாளின் வாசலில் நிறுத்தி, "சேச்சி, இனி சேச்சியுடைய ஸ்டவ் ஈ படி கடக்கில்ல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அந்த ஸ்டவ் வாசலைத் தாண்டாது, அங்கேயே, அவர் கண் முன்னாலேயே பழுது நீங்கும் என்பது பேச்சு. அந்த அம்மாள் குறட்டையும் அரத்தையும் சந்தேகமாகப் பார்த்தார். அக்கா அவரிடமே சாம்பலும் வெந்நீரும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கருவியையும் தேய்த்துக் கழுவி, துருப்பிடிக்காமல் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து வைத்தார். ஆண்பிள்ளை நுழைய முடியாத அடுப்படிக்குள் தானே போய் ஸ்டவ்வை எடுத்து வந்தார். மீண்டும் கொண்டுபோய் வைத்துப் பற்றவைத்து, நீலச் சுவாலையைக் காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அதற்குப் பக்கத்துக் கதவும் திறந்தது.

கொச்சங்காடிக்கும் அதே மாதிரி போனார். வெளி ஆண்கள் முன்னால் வராத அந்த முஸ்லிம் வீட்டுப் பெண்களுக்கு, உள்ளே வந்து உட்கார்ந்து பழுது பார்க்கும் ஒரு பெண் கிடைத்தது பெரிய சௌகரியம். ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று முறை வைத்துக்கொண்டார். தெரு மாறினால் சாம்பலும் வெந்நீரும் புதிது. "அவங்க அவங்க வழக்கம் அவங்க அவங்களுக்கு. நமக்கு ஸ்டவ் எரியணும், அவ்வளவுதான்" என்பார்.

மாமா வந்த அன்று வீடு பூட்டிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு தெருவுக்கு வந்தவர், கைகள் கறுத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை முன் நின்ற அக்காவைக் கண்டு அதிர்ந்துபோனார்.

"என்னம்மா இது, நடுத்தெருவில? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"ஸ்டவ் கொண்டாங்கன்னு சொல்லுவாங்க மாமா. கொறச்சு நேரம் நில்லுங்க, இந்த வாஷரைப் போட்டுட்டு வாறேன். சாப்பிட்டுப் போகலாம்."

மாமா சாப்பிட்டார். மாலைப் படகில் தனியாகத் திரும்பினார். தம்பியின் சட்டைகளை நானே பிரித்து மறுபடி கொடியில் போட்டேன். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இப்போதும் என்னால் எழுதி முடிக்க முடியாது.

அதன் பிறகான வருஷங்கள் நீங்கள் அறிந்தவை. தடித்த ஊசியால் பர்னரைக் குத்திப் பாழாக்கும் பெண்களை அக்கா திட்டாமல் விட்டு வைத்ததில்லை. தம்பியைப் படிக்க வைத்தார். இன்று அவன் இங்கேயே துறைமுகத்தில் வேலையாக இருக்கிறான். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, எர்ணாகுளத்தில் நல்ல வரன் வந்தும், "படகு ஏறிப் போற மாப்பிள்ளை நமக்கு வேண்டாம்" என்று தட்டிக் கழித்து, இரண்டு சந்து தள்ளியே ஒருவரைப் பிடித்தார். என் கணவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அக்காவுக்கு நெஞ்சுவலி கண்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வீடு திரும்பியவர், ஒரு காலை நேரத்தில் தம் வீட்டிலேயே அடங்கினார்.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், அடை மழையில் சுமந்து சென்ற தெருக்காரர்களுக்கும், கல்வத்திச் சேட்டனுக்கும், காரியம் முடியும் வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் உணவு அனுப்பிய குஜராத்தித் தெரு அம்மாளுக்கும், எங்களோடு அமர்ந்து அழுத கொச்சங்காடிச் சகோதரிகளுக்கும் எங்கள் நன்றி. அத்தானுக்கு நன்றி சொன்னால் அவர் கூச்சப்படுவார், இருந்தாலும் சொல்கிறோம். அக்கா போன அன்று, உடன்பிறந்தவர்கள் யாருக்கும் தந்தி அடிக்க வேண்டியிருக்கவில்லை. அத்தான் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தார், நாங்கள் வந்துவிட்டோம்.