பூட்டைத் தொட்டவருக்கு வாடகை வீடு

பூட்டு சரிசெய்வது அவருடைய தொழில். பதினாறு வருடமாக அதே வேலை. தெரிந்தவர்கள் எல்லோரும் அவரைச் 'சாவி' என்றே கூப்பிட்டார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் கதவைத்தான் பார்ப்பார். முதன்முதலாக மாமனார் வீட்டுக்குப் போனபோதுகூட, வாசல் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மாமனாருக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் மனைவிக்கு வேறொரு நகரத்தில், பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தது. மதியம் ஒரு மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் விடுவார்கள். அதே நகரத்தில் ஒரு பூட்டுக் கம்பெனியின் பழுதுபார்க்கும் பிரிவில் சாவிக்கும் இடம் கிடைத்தது. அவர் வீடு திரும்ப ஏழாகும். மகளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும்.

"நாலு மணிக்கு அவ தனியா நடந்து வரணும். ஏழு வரைக்கும் தனியா இருக்கணும்," என்றாள் மனைவி. "நான் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு இவளை நெனச்சு நடுங்கக் கூடாது. அப்படி ஒரு தெருவைப் பார்த்துக் குடுங்க, வர்றேன். இல்லையா, வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தது. சாவி ஒரு பையோடு முன்னால் கிளம்பிப் போனார்.

ஒரு பகுதி நல்லதா கெட்டதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கதவு நிலையைப் பார்ப்பார். நாதாங்கி பக்கத்தில் மரம் புதிதாக ஒட்டுப் போட்டிருந்தால், யாரோ நெம்பியிருக்கிறார்கள். சாவித் துவாரத்தைச் சுற்றிக் கீறல் இருந்தால், யாரோ முயன்று பார்த்திருக்கிறார்கள். மனிதர்கள் தங்கள் தெருவைப் பற்றிப் பொய் சொல்லலாம். நிலைக்கதவு சொல்லாது என்பது அவர் நம்பிக்கை.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுகிற ஒரு தரகர் அவரை முதலில் ஆற்றோரப் பகுதிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரே கதவில் மூன்று ஒட்டுகள் இருந்தன. சாவி மறுபேச்சில்லாமல் திரும்பிவிட்டார். அடுத்தது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. பெரிய கேட், காவலாளி, மூலைக்கு மூலை கேமரா.

"சார், இங்க ஈ காக்கா கேக்காம உள்ள வராது," என்றார் தரகர். பிறகு போன் பேச வெளியே போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

சாவி மூன்று மாடி ஏறி இறங்கினார். எல்லாம் முதல்தரப் பூட்டுகள். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அன்று சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தபோது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"பதினோரு வீட்டுப் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஒண்ணாம் நம்பர்."

"தொட்டுப் பார்த்தீங்களா?"

"தொட்டு, இழுத்து, குனிஞ்சு உள்ள பார்த்து."

"யாராவது என்னன்னு கேட்டாங்களா?"

"இல்லையே. ஒரு அம்மா வழிகூட விட்டாங்க."

"அப்போ அந்த இடம் வேண்டாம்," என்றாள் மனைவி.

பதினாறு வருட அனுபவத்தில் இந்தக் கோணம் அவருக்குத் தோன்றியதே இல்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் தரகர் வரவில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் டீ குடிக்க இடம் தேடி ஒரு குறுகலான தெருவுக்குள் நுழைந்தார் சாவி. அங்கே தொங்கிய பூட்டுகளைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார். கொண்டை ஊசிக்கே வாயைத் திறந்துவிடும் ரகம். ஒரு வீட்டில் நாதாங்கியின் திருகாணி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கை தானாகச் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தது.

"யாருப்பா அது?"

மாடி ஜன்னலில் ஒரு அம்மா. கழுத்தில் அளவு டேப். தையல்காரர்.

சாவி திரும்புவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியோடே வந்தார். ஒருவர் பாதி ஷேவிங்கில் வந்தார். ரிட்டயரான கண்டக்டர் ஒருவர் விசிலைத் தேடினார்; பழக்கதோஷம்.

"என்ன பண்றே?"

"திருகாணி லூசா இருந்துச்சு."

"அடடா, தர்மப் பிரபு! வீட்டுக்காரன் இல்லாத நேரமாப் பார்த்து முடுக்க வந்தியா?"

சாவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் அது அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

"இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு இருக்குங்களா?" என்று கேட்டார்.

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருஷம் பஸ்ல எத்தனையோ திருடனைப் பார்த்திருக்கேன். பிடிச்ச பஸ்ஸுலயே பாஸ் கேட்டவன் நீ ஒருத்தன்தான்."

அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். போனையும் வாங்கி மனைவி நம்பரை அழுத்தினார்கள். தையல்கார அம்மா கீழே வந்து பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் இங்க திருப்புளியும் கையுமா மாட்டியிருக்கார்மா."

"எத்தனை பேர் சுத்தி நிக்கறீங்கக்கா?"

"ஒரு இருபது பேர்."

"அந்தத் தெருவுல வீடு ஏதாவது காலியா இருக்காக்கா?"

அந்த அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். "புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே கிறுக்கு," என்று கூட்டத்திடம் சொன்னார்.

காலி வீடு இருந்தது. அந்த அம்மா வீட்டின் கீழ்ப்பகுதியேதான். ஆனால் திருடன் என்று பிடித்த ஆளுக்கு வீடா என்று சலவைக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். "பொம்பளையும் பிள்ளையும் வரட்டும். பார்த்துச் சொல்றேன்," என்று அந்த அம்மா முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் வந்தார்கள். "கையைப் பாக்கெட்டுல வைங்க," என்பதுதான் மனைவி அவரிடம் சொன்ன முதல் வார்த்தை. கேள்வி கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்த அம்மாவை அவள் கேட்கவே விடவில்லை.

"நாலு மணிக்கு எங்கக்கா இருப்பீங்க?"

"மெஷின்ல. ஜன்னலோரம்."

"வெளிய கிளம்பினா?"

"எதிர்ல இஸ்திரி வண்டி இருக்கே."

"அவருக்கு உடம்பு சரியில்லைன்னா?"

"ஏம்மா, நீ வீடு கேக்க வந்தியா, இல்ல எனக்கு வேலை குடுக்க வந்தியா?"

மனைவி அசையவில்லை. "இவளைத் தனியா விட்டுட்டுப் போகணும்க்கா. அதான்."

அந்த அம்மா மகளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வீட்டுச் சாவியை எடுத்து வந்து, வேலையின்றி நின்ற அப்பாவைத் தாண்டி, அவள் கையில் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று கம்பெனியில் சாவிக்கு வேலையே ஓடவில்லை. ஒரே பூட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். நாலே காலுக்குப் போன் வந்தது.

"வந்துட்டேன்பா."

"உள்ள தாழ்ப்பாள் போட்டியா?"

"எப்படிப்பா போடறது? மாடி வீட்டு அத்தை, கண்டக்டர் தாத்தா, இஸ்திரி மாமா எல்லாரும் உள்ள உக்காந்திருக்காங்க. நம்ம வீட்டுல என்னென்ன சாமான் இருக்குன்னு பார்க்க வந்தாங்களாம்."

"கதவு?"

"திறந்துதான் கிடக்கு."

சாவி உடனே மருத்துவமனைக்குப் போன் செய்தார். "வந்துட்டா. கதவு திறந்து கிடக்காம்," என்றார்.

"சரி, வைங்க. வார்டுல வேலை கிடக்கு," என்றாள் மனைவி, நிம்மதியாக.