அரைமுட்டையின் தோள்

ஒரோன்ட்சோவின் தாத்தா எப்போதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் "பாதி முட்டை போதும்" என்று சொல்லித் தொலைத்தார். பசியில்லையா, காசில்லையா என்று யாரும் விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து குடும்பமே அரைமுட்டை. தெற்கு இத்தாலியில் எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவுக்கு மட்டும்தான். சுவரில் ஒட்டுகிற சாவு அறிவிப்பில்கூடப் பட்டப்பெயர் இல்லாவிட்டால், செத்தது யாரென்று தெரியாது.

அந்தச் சுவரொட்டியில் தன் பெயர் எப்படி வரும் என்று ஒருநாள் ஒரோன்ட்சோ நினைத்துப் பார்த்தான். சிகரெட் வாங்கி வருகிறேன் என்று மனைவி கோசிமாவிடம் சொல்லிவிட்டு வடக்கே டுரின் நகருக்கு ரயிலேறினான். மீசையை எடுத்தான். பெயரை மாற்றி ஆல்தோ ஆனான். டுரினில் யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யாரும் அவனைப் பார்க்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வருடம் ஊர்த் திருவிழாவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தான். பவனியை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, ஆல்தோவாகவே திரும்புவது திட்டம். கடவுளை அவன் நம்புவதில்லை. ஊரின் காவலரான புனித தொனாத்தோவை நம்பாமலிருக்க மட்டும் வழி தெரியவில்லை.

சப்பரத்தின் பின்தண்டில் இடப்பக்கம் பரம்பரையாக அரைமுட்டைகளின் இடம். இப்போது அங்கே கோசிமாவின் தம்பி வீத்தோ. குள்ளன். தோளில் சாக்கை மடித்து வைத்தும் எட்டவில்லை. சப்பரத்தின் மேலிருந்த புனிதரின் சுரூபம், கல்யாண விருந்தில் அளவு மீறிக் குடித்த மாமாவைப் போலச் சாய்ந்து வந்தது. தெருமுனைத் திருப்பத்தில் இன்னும் சாய்ந்தது. ஒரோன்ட்சோவின் கால்கள் ஆல்தோவைக் கேட்கவில்லை. தண்டுக்கடியில் நுழைந்துவிட்டான்.

வீத்தோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வா மச்சான். இடது கால முதல்ல வை."

"நான் யாருன்னு நெனச்சே?"

"இந்த உயரத்துல ஊர்ல வேற யாருக்குத் தோள் இருக்கு?"

"அரைமுட்டை வந்துட்டான்டா" என்றான் முன்தண்டுக்காரன். செய்தி பாண்டு வாத்தியத்தை முந்திக்கொண்டு போனது. சற்றைக்கெல்லாம் கோசிமா, கையில் மெழுகுவர்த்தியோடு, பக்கத்தில் நடந்தாள்.

"சிகரெட் கெடச்சுதா?"

"கோசிமா, இங்க வேணாம்."

"வேற எங்க? இப்பத்தானே ஓட முடியாம மாட்டியிருக்கே."

முன்னால் தோள்கள் குலுங்கின. புனிதரும் சேர்ந்து குலுங்கினார்.

"அங்க உன்ன எப்படிக் கூப்பிடறாங்க?"

"ஆல்தோன்னு."

"யாராவது சிரிக்கிறாங்களா?"

"இல்ல."

அவள் மெழுகுவர்த்தியை மறு கைக்கு மாற்றினாள். வசவு வரும் என்று அவன் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டான்.

"நீ போனப்புறம் எனக்கு இவங்க வச்ச பேரு காலி முட்டை ஓடு. நானும் வர்றேன். எலேனான்னு பேரு வச்சுக்கப் போறேன்."

ஆல்தோவுக்கு மனைவி கிடையாது. டுரினில் அவன் கண்ட சுகத்தில் பாதி அதுதான்.

"ரயில்ல எடம் கெடைக்காது," என்று சொல்லிப் பார்த்தான்.

"நின்னுக்கிட்டே வர்றேன்."

தண்டை விட்டால் புனிதர் விழுவார். விடாவிட்டால் ஆல்தோ விழுவான். கோயில் வாசல் இன்னும் வெகு தூரம்.

"ஆல்தோவோட பொண்டாட்டி எப்படிப்பட்டவ?" என்றாள். "இப்பவே சொல்லு, பழகிக்கிறேன்."

அவன் யோசித்தான். "அதிகம் பேச மாட்டா."

"அவ வேணாம். வேற ஒருத்திய யோசி."