சிமென்டுத் தொட்டியில் புழுக்கள்

எண்பதுகளின் நடுவில், உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் என் மனைவியும் வண்ண மீன் கடை வைத்திருந்தோம். ஒன்பது கண்ணாடித் தொட்டிகள். எங்கள் பிழைப்பு அவற்றுக்குள் இருந்தது.

சென்னையிலிருந்து பாலிதீன் பைகளில் வரும் மீன்களை நேராகக் கடைத் தொட்டியில் விடக்கூடாது. இரண்டு வாரமாவது தனியே வைத்து, நோய் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று இன்னொரு கண்ணாடித் தொட்டி வாங்க வழியில்லை. வீட்டுக்குப் பின்னால் நெல் ஊறவைக்கும் சிமென்டுத் தொட்டி சும்மா கிடந்தது. கழுவி, தண்ணீர் நிரப்பி, கல்லுப்பு போட்டுக்கொண்டோம்.

"மீனுக்கு ஆஸ்பத்திரி கட்டிகீறியாண்ணே? எங்க மானாம்பதிக்கும் ஒண்ணு கட்டேன்," என்றார் ஒரு வாடிக்கையாளர்.

அந்த முறை வந்தவை நாற்பது கப்பி மீன்கள். எட்டாம் நாள் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"யோவ், இங்க பாரு, எம்மாம் கொசுப்புழுவு. நீ இன்னாத்துக்கு மீன் தீனிக்குனு சாக்கடை சாக்கடையா அலைஞ்சிக்கினு கீற?"

"அள்ளிக்கோ," என்றேன்.

டீ வடிகட்டியால் அள்ளி, சொட்டும் தண்ணீரோடு ஒன்பது தொட்டிகளுக்கும் பங்கிட்டாள்.

கப்பி கொசுப்புழுவை விட்டுவைக்காது. நாற்பது கப்பிகளுக்கு நடுவே புழு பெருகியது என்றால், அவை தின்னவில்லை. தின்னாத மீன் நோயாளி. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், தீனி மிச்சம் என்று மட்டும் பார்த்தேன். மேலிருந்து குனிந்தால் சிமென்டுத் தொட்டியில் முதுகுதான் தெரியும். விலாவில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் தெரியவில்லை. அந்தப் புள்ளி நோய் தண்ணீர் வழியாகவே தொற்றும்.

ஐந்து நாளில் கடையின் கறுப்பு மோலி மீன்கள் மேல் ரவை தூவியதுபோல் புள்ளிகள். பிறகு எல்லாத் தொட்டிகளிலும். உப்பு போட்டோம், தண்ணீர் மாற்றினோம். காலையில் கடை திறந்ததும் செத்தவற்றை அரிப்பதே முதல் வேலையானது. ஒன்பதாவது தொட்டியும் காலியான அன்று மனைவி கேட்டாள்:

"நான் போட்ட புழுவாலயா?"

"இல்ல. கரண்டு போயி காத்து மோட்டாரு நின்னுபோச்சே, அதான்."

அவள் நம்பவில்லை. வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நாற்பதில் ஒன்றும் மிஞ்சவில்லை. புழுக்கள் மட்டும் மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தன.