நொதியம் உண்டு என்று எழுதிய துண்டு

ஆய்வுகூட வேலை என்பது ஆளின் முகத்தைப் பார்க்காமல் இரத்தத்தோடு மட்டும் கதைக்கிற வேலை. யன்னலுக்கு உள்ளே நிற்கிற நானும், வெளியே முடிவுத் துண்டுக்குக் காத்திருக்கிற நீங்களும் ஒரே வாங்கில் இருந்து அவதிப்படுகிறவர்கள்தான். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

அலுமாரி வாசம்

இரத்தம் எடுக்க வார்டுக்குப் போனேன். தவமலர் அக்காவின் எட்டு மாத மகன் ஒரு கிழமையாக அங்கே. கண் மஞ்சள் குறையத் தொடங்கியிருந்தது. வந்த அன்று மூத்திரம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனதாம். கட்டிலடியில் இருந்த உடுப்புப் பையிலிருந்து பூச்சி உருண்டை வாசம் மூக்கில் அடித்தது.

"மூத்தவன்ர உடுப்பைத்தான் இவனுக்குப் போட்டனான், தம்பி. உருண்டை போட்டு மூண்டு வருசம் அலுமாரிக்குள்ள வைச்சனான். பத்திரமா வைச்சதுதான் பிழையோ?"

ஒளிர்ந்த புள்ளி

டொக்டர் கேட்டிருந்தது ஜீ-6-பீ-டீ என்ற நொதியத்தை. ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் அது வேலை செய்யும். சீனியிலிருந்து ஒரு காவலை உண்டாக்கி, இரத்தத்தின் செங்கலம் உடையாமல் காக்கும். அது குறைந்தவர்களுக்குப் பூச்சி உருண்டையும் சில குளிசைகளும் ஆகாது. துளி இரத்தத்தை மருந்தில் கலந்து தாளில் புள்ளி வைத்து, ஊதா விளக்கில் பிடிக்க வேண்டும். நொதியம் இருந்தால் ஒளிரும்.

ஒளிர்ந்தது. "நொதியம் உண்டு" என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளையும் வீட்டுக்குப் போய்விட்டான்.

பின்னேரம் பதிவைப் பார்த்த எங்கள் பெரிய மிஸ் பேனையை வைத்துவிட்டா. செங்கலத்துக்குப் புதிதாக நொதியம் செய்யத் தெரியாது. குறையுள்ளவர்களின் கிழட்டுக் கலங்களில் அது முதலில் தீரும், அவைதான் முதலில் உடையும். மிஞ்சுகிற புதுக் கலங்களில் கொஞ்சம் இருக்கும்.

"கிழடுகள் எல்லாம் செத்துப்போன ஊருக்குப் போய்ச் சுகமோ எண்டு கேட்டிருக்கிறீர். இளசுகள் ஓம் எண்டுதானே சொல்லும்?"

சாமிப்படத்தடி

அந்தத் துண்டைக் காட்டினால் நாளைக்கு எந்த மருந்தகமும் ஆகாத குளிசையை நம்பிக் கொடுத்துவிடும். அக்காவின் தொலைபேசி வேலை செய்யவில்லை. இரணைமடுப் பக்கம் இருக்கிற அவவின் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

துண்டு சாமிப்படத்துக்கு முன்னால் இருந்தது. பிழை என்னுடையது, புதுக் கலங்களுக்கு வயதானபின், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றேன். அக்கா அதை எடுத்துத் தரவில்லை.

"நல்லது எண்டு எழுதினதை ஏன் தம்பி திருப்பிக் கேக்கிறீங்கள்?"

முற்றத்தில் தண்ணீர்ப் பம்பியைக் கழற்றிக்கொண்டிருந்த அவவின் தமையன் எழும்பி வந்து, துண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"குடு பிள்ளை. எனக்கும் சின்னனில மலேரியாக் குளிசை குடிச்சா மூத்திரம் உந்தத் தேத்தண்ணி நிறத்திலதான் போகும். குளிசையைத் துப்புவன். நடிக்கிறான் எண்டு அம்மா அடிச்சுப் பருக்கினவா."

இரண்டு புள்ளி

மூன்று மாதம் கழித்து மூவரும் வந்தார்கள். மருமகனின் இரத்தத்தோடு மாமன் தன் கையையும் நீட்டினார். விளக்கில் பிடித்தேன். இரண்டு புள்ளியும் இருட்டு. தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருகிற குறை இது, ஆகாததைத் தள்ளி வைத்தால் பயமில்லை என்றேன். அக்கா பிள்ளையை இறுக்கிக்கொண்டா. தமையன் தன் துண்டை வாங்கி, பார்த்து, யன்னலால் திருப்பி நீட்டினார்.

"கொஞ்சம் பெரிசா எழுதுங்கோ தம்பி. அம்மாவுக்கு இப்ப கண் தெரியிறது குறைவு."

எங்கள் தொழிலில் "உண்டு" என்று எழுத ஒரு நொடி போதும். அதைத் திருப்பி வாங்கத்தான் இரணைமடு வரை சைக்கிள் மிதிக்க வேண்டும்.