மட்டன் தீர்ந்துபோன கல்யாணமும் ஒரு இங்கிலீஷ் ஆனர்ஸும்

1. ஆபீஸைக் காணோம்

சங்கரி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "மேம், ஆபீஸ் உட்டே கேச்சே" என்றாள். மூடிவிட்டுப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா பாங்க் ஆபீசர். சந்தோஷம் வந்தால் தமிழ் பேசுவாள், பயம் வந்தால் வங்காளி வந்துவிடும்.

"எந்த ஆபீஸ்?"

"என் இன்டர்ன்ஷிப் ஆபீஸ் மேம். சால்ட் லேக், செக்டர் ஃபைவ். இன்னிக்குப் போனா அந்த மாடியில ட்ரெட்மில் இறக்கிட்டிருக்காங்க. ஜிம் வரப்போகுதாம்."

நான் பவானிபூரில் ஒரு தனியார் கல்லூரியில் இங்கிலீஷ் பேராசிரியையாக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனேன். கடைசிச் சில வருஷங்கள் இன்டர்ன்ஷிப் கோஆர்டினேட்டர் வேலையும் என் தலையில் விழுந்தது. இங்கிலீஷ் ஆனர்ஸ் வாங்க நாடகமும் கவிதையும் நாவலும் படித்தால் போதும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மேஜர் பேப்பர் எல்லாம் பாஸ் பண்ண வேண்டும். மைனர் என்று வேறொரு பாடம். ஒரு இந்திய மொழி. சுற்றுச்சூழல். ஸ்கில் பேப்பர். புது சிலபஸ் வந்தபிறகு இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்துகொண்டது. ஏதாவது ஓர் இடத்தில் வேலை பார்த்து, சர்டிஃபிகேட் வாங்கி, ரிப்போர்ட் எழுதி, வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் முன்னால் வைவாவில் உட்கார வேண்டும். கிரெடிட் கொஞ்சம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் ரிசல்ட்டில் 'இன்கம்ப்ளீட்' என்று விழும்.

கெமிஸ்ட்ரி பிள்ளைகள் லேபுக்குப் போனார்கள். காமர்ஸ் பிள்ளைகள் ஆடிட்டரிடம் போனார்கள். "இங்கிலீஷ் பிள்ளைகள் எங்கே போவாங்க?" என்று மீட்டிங்கில் கேட்டேன். பிரின்சிபால் யோசித்துவிட்டு, "இங்கிலீஷ் எங்கேதான் இல்லை?" என்றார். அத்தோடு மீட்டிங் முடிந்தது.

சங்கரிக்கு டெல்லியில் எம்.ஏ. சீட் கிடைத்திருந்தது. முழு மார்க்‌ஷீட் அனுப்பினால்தான் அது நிலைக்கும். செக்டர் ஃபைவ் கம்பெனிக்கு மெத்தை விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது கம்பெனியும் இல்லை, சர்டிஃபிகேட்டும் இல்லை. வைவாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

2. மோன்ட்டுதா

எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே குடியிருக்கும் மோன்ட்டுதா கல்யாண கேட்டரிங் செய்பவர். வங்காளிகள் அக்காவை 'தீதி' என்பார்கள், அண்ணனை 'தா' என்பார்கள். வயது வித்தியாசம் இல்லாமல் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். வெளிநாட்டிலிருந்து புக் பண்ணுகிறவர்களுக்கு இங்கிலீஷில் மெயில் எழுத அவர் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஒருமுறை டொரான்டோவில் இருக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு, 'கவலைப்படாதீர்கள், உங்கள் விருந்தினர்கள் அத்தனை பேரையும் இரண்டு மணிக்குள் தீர்த்துக்கட்டிவிடுவோம்' என்ற அர்த்தம் வரும்படி எழுதிவிட்டு, பதில் ஏன் வரவில்லை என்று என்னிடம் வந்து கேட்டார்.

சங்கரியை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"தீதி, இந்தப் பொண்ணு மீன் நறுக்குமா?"

"நறுக்காது. இங்கிலீஷ் எழுதும்."

"அது மட்டும்தானா?" என்றார். அவருக்கு ஏமாற்றம். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

முதல் வாரத்திலேயே மெனு கார்டு இங்கிலீஷ் எல்லாம் மாறிவிட்டது. சங்கரியின் அம்மா மட்டும் எனக்கு போன் செய்து, "மேடம், நாங்க சைவம். இவ தினம் வீட்டுக்கு வரும்போது ஹில்சா மீன் வாசனை வருது" என்றார். டெல்லி சீட்டை ஞாபகப்படுத்தினேன். "சரி, வந்த உடனே குளிக்கச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

3. புகார்

மூன்றாவது வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பாவிடமிருந்து நீளமான இங்கிலீஷ் மெயில் வந்தது. ரிட்டயர்டு இன்ஜினியர். மோன்ட்டுதா சமைத்த மூத்த மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது மட்டன் தீர்ந்துவிட்டது. சம்பந்தி முன்னால் தன் மானம் போயிற்று. இளைய மகள் ரிசப்ஷனை வேறு கேட்டரருக்குக் கொடுக்கப் போகிறேன், பாலிகஞ்ச் முழுக்கக் காரணத்தைச் சொல்லப் போகிறேன் என்று எழுதியிருந்தார்.

மோன்ட்டுதா ஆடிப்போய்விட்டார். "நல்ல கனமான இங்கிலீஷ்ல எழுது. படிச்சா புரியக்கூடாது, ஆனா பயம் வரணும்" என்றார்.

சங்கரி எழுதவில்லை. நேரே இன்ஜினியர் வீட்டுக்குப் போனாள். மட்டன் ஒரு துண்டுகூட வரவில்லை என்றார் அவர். மாப்பிள்ளையின் மாமாவுக்கு போன் செய்தாள். "வந்தது, ஆனா உருளைக்கிழங்கும் எலும்பும்தான்" என்றார் மாமா. தலைமைச் சமையல்காரரைக் கேட்டாள். பெண்ணின் தம்பியும் சிநேகிதர்களும் இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டு, வெங்காயம் உரிக்கக் குனிந்துகொண்டார்.

பிறகுதான் பதில் எழுதினாள். யார் யார் என்ன பார்த்தார்கள் என்பதை, அவரவர் பேசிய தோரணையிலேயே எழுதினாள். யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. கடைசியில், ஒரு அப்பா அந்த நிமிஷத்தில் வெறும் பாத்திரத்தோடு சம்பந்தி முன்னால் நின்றதற்கு வருந்துகிறோம் என்று முடித்திருந்தாள்.

மோன்ட்டுதா அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மாடி ஏறி என்னிடம் வந்தார். வங்காளியில் அர்த்தம் சொன்னேன்.

"தீதி, இதுல என் பக்கம் யார் பேசறா?"

"யாரும் பேசல."

"அப்ப நான் எதுக்கு இவளை வச்சிருக்கேன்?"

அவர் யோசித்து முடிப்பதற்குள் சங்கரி மெயிலை அனுப்பிவிட்டாள். அன்றைக்கு மோன்ட்டுதா மத்தியானம் தூங்கவில்லை. தெருவில் அது பெரிய செய்தி.

அடுத்த நாள் இன்ஜினியரே போன் செய்தார். அவர் மனைவி அதை வீட்டில் உரக்கப் படித்தாராம். தம்பியின் பகுதி வந்ததும் எல்லோரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்களாம். அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டானாம். சம்பந்தி வீட்டுக்கும் ஃபார்வர்டு செய்து, அவர்களும் சிரித்து, பேச்சுவார்த்தை திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. ரிசப்ஷன் மோன்ட்டுதாவுக்கே. "மட்டனை மட்டும் நானே பக்கத்துல நின்னு பார்ப்பேன்" என்றார் இன்ஜினியர்.

4. வைவா

இதையே சங்கரி ரிப்போர்ட்டாக எழுதினாள். மோன்ட்டுதா யாரையும் கேட்காமல் சர்டிஃபிகேட்டைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். 'வேலை நன்று. சாப்பாடு குறைவு. நாங்கள் வற்புறுத்தினோம்' என்று இருந்தது. திருத்த நேரமில்லை.

எக்ஸாமினர் சிரிக்காத மனிதர். சர்டிஃபிகேட்டை இரண்டு முறை படித்தார். "ஒரு கல்யாணச் சமையலுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சங்கரியைக் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. மோன்ட்டுதா, கையில் ஃபிஷ் ஃப்ரை பொட்டலத்துடன். நான் கூப்பிடவில்லை. தன் கம்பெனிக்குப் பரீட்சை நடப்பதாக அவருக்கு நினைப்பு.

எக்ஸாமினர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நீங்கதான் அந்த கேட்டரரா? உட்காருங்க. இந்தப் பொண்ணு, உண்மையில என்ன நடந்ததுன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு ரிப்போர்ட்டை முடிச்சிருக்கா. நீங்க சொல்லுங்க. மட்டன் ஏன் தீர்ந்தது?"

அந்த அறையின் அமைதியோ, எக்ஸாமினரின் மூக்குக்கண்ணாடியோ, மோன்ட்டுதாவுக்குக் கோர்ட்டில் நிற்பதுபோல ஆகிவிட்டது.

"கம்மியா போட்டோம் சார்" என்றார். "ஒரே நாள்ல இன்னொரு கல்யாணமும் எடுத்திருந்தோம். ஒரு டேக்சா மட்டன் அங்கே போயிடுச்சு."

எனக்கு டெல்லி சீட் கண்முன்னால் ஆவியாகிப் போவதுபோல இருந்தது.

எக்ஸாமினர் அவள் பக்கம் திரும்பினார். "உன் முடிவு தப்பா போச்சே அம்மா. உனக்குச் சந்தேகமே வரலியா?"

"வந்தது சார். சமையல்காரர் என் முகத்தைப் பார்த்துப் பேசல. அதனாலதான் மெயில்ல 'எங்கள் பக்கம் குறையில்லை'ன்னு ஒரு இடத்துலகூட எழுதல."

"அப்ப ரிப்போர்ட்ல எழுதியிருக்கலாமே?"

"டெக்ஸ்ட்ல ஆதாரம் இல்லாம எதையும் எழுதக்கூடாது சார். எழுதினா மேம் மார்க்கைக் குறைச்சிடுவாங்க."

எக்ஸாமினர் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. நல்ல மார்க் போட்டுக் கையெழுத்திட்டு, பேனாவை மூடிப் பையில் வைத்த பிறகுதான் ஃபிஷ் ஃப்ரையைத் தொட்டார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்ததும் சங்கரி மோன்ட்டுதாவிடம் பதினைந்து நிமிஷம் விடாமல் சண்டை போட்டாள், சுத்த வங்காளியில். "என்கிட்ட முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்பதுதான் சாரம். "நீ லெட்டர்ல எழுதிடுவியே" என்றார் அவர்.

சங்கரி இப்போது டெல்லியில் படிக்கிறாள்.

அதன்பிறகு நான் ரிட்டயர் ஆகும் வரை இன்டர்ன்ஷிப்புக்காகப் பல கம்பெனிகள் என்னிடம் வந்தன. நல்ல ஆபீஸா, ஏ.சி. இருக்கிறதா, பெயர் பெரிய பெயரா என்று பெற்றோர் கேட்பார்கள். நான் கம்பெனிக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "உங்களுக்குப் புகார் வருமா?" வராது என்று மார்தட்டியவர்களை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். வரும், நிறைய வரும் என்று அலுத்துக்கொண்டவர்களிடம்தான் என் இங்கிலீஷ் பிள்ளைகளை அனுப்பினேன்.